வெள்ளாற்றைக் கடந்த பஸ்

கடலூர் முதுநகரில் புறப்பட்டு சிதம்பரத்தில் முடிகிற எங்கள் ரோடு மொத்தம் இருபத்தேழு மைல்தான். பலகையில் மட்டும் பெரிதாக ஸ்டேட் ஹைவே என்று எழுதியிருப்பார்கள். வெளியூர் டிரைவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஆகவே ஆகாது. அறுபதுகளில் ஏழு வருஷம் அந்த ரோட்டில் பஸ் ஓட்டியவன் நான்.

உண்மையைச் சொன்னால் பாதி ரோட்டில்தான் ஓட்டினேன். நடுவில் வெள்ளாறு கிடந்தது. பாலம் கிடையாது. முதுநகரிலிருந்து வருகிற ரோடு துறையில் சரிந்து தண்ணீருக்குள் போய்விடும். கால் மைல் தள்ளி அக்கரையில் தலையை நீட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி சிதம்பரத்துக்குப் போகும். ஹைவேஸ்காரர்கள் ஆற்றையும் சேர்த்துத்தான் மைல் போட்டிருந்தார்கள். பதினாலாம் மைல் கல் இக்கரையில் நின்றது, பதினாறாம் கல் அக்கரையில் நின்றது. பதினைந்தாம் கல் எங்கே என்று யாராவது கேட்டால் மீனைக் கேளுங்கள் என்போம்.

துறையில் ஓர் ஓடம் உண்டு. இரண்டு பெரிய படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே கனத்த பலகை அடித்தது. ஐந்து பேர் மூங்கில் கோலை ஆற்றின் தரையில் ஊன்றித் தள்ளுவார்கள். மாட்டு வண்டி ஏறும், ஜீப் ஏறும், எப்போதாவது உப்பு லாரி ஏறும். பஸ் மட்டும் ஏறியதில்லை. நான் துறையில் வண்டியை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். அக்கரையில் வேறு கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று வரும். அதை விட்டவர்கள் நடக்க வேண்டியதுதான்.

இந்த ரோட்டை ஒரு நாளாவது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை என் பஸ்ஸில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. துறை டீக்கடையில் ஒரு நாள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஓடக்காரர் உட்கார்ந்திருந்தார். கடற்கரைக் குப்பத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டீ கிளாஸை உதட்டிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"பஸ்ஸு ஏறும்பா. ஓட்டுறவனுக்குத் தலக்கனம் ஜாஸ்தி. அதைத்தான் ஓடம் தாங்காது."

கடையே சிரித்தது. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். எட்டு மாதம், தினம் நாலு தடவை பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தோம். அது லேசான வேலை இல்லை.

அப்போதுதான் என் சிநேகிதனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதுநகரில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த முஸ்லிம் பையன். கடைக்குப் போய்ப் போய்ப் பழக்கம். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். வீட்டு மனிதர்கள் மாதிரிதான் இருந்தோம். பெண் வீடு அக்கரையில், துறையிலிருந்து ஆறு மைல். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பரிவாரத்தோடு பெண் வீட்டுக்குப் போய்த்தான் நிக்காஹ். அதற்கு என் பஸ்ஸைப் பேசினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்ணின் தகப்பனார் மலாயாவில் ஒரு ஜவுளிக் கடையில் வேலையாக இருந்தார். ஐந்து வருஷத்துக்கோ ஆறு வருஷத்துக்கோ ஒரு தடவைதான் ஊர்ப்பக்கம் வருவார். கல்யாணத்தை முடித்து நிதானமாகக் கப்பல் ஏறலாம் என்று இருந்தவருக்கு, நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் மூன்று நாள் முந்திக் கிளம்புகிறது என்று தந்தி வந்துவிட்டது. அந்தக் கப்பலை விட்டால் திரும்பி நுழைகிற பர்மிட் காலாவதியாகிவிடும், வேலையும் போய்விடும். கல்யாண நாளன்றே சிதம்பரத்தில் பகல் பன்னிரண்டு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம். ஆகவே பத்தரைக்கு அவர் வண்டியில் ஏறிவிட வேண்டும்.

தகப்பனுக்குப் பதிலாக வேறொருவர் நின்று நிக்காஹ் செய்து கொடுக்க அவர்கள் மார்க்கத்தில் வழி உண்டு. உறவுக்காரர்கள் அதைச் சொன்னார்களாம். மனிதர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மாப்ளே என்னிடம் வந்து சொன்னபோது அவன் குரலே சரியில்லை.

"எம் மவள இன்னொரு ஆளு கையப் புடிச்சுக் குடுக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்னு கேக்குறாரு மச்சான். நாம விடியக்காலையிலயே கிளம்பி மெயின் ரோட்டுல சுத்திப் போயிடலாம். நேரத்துக்குப் போயாகணும்."

புவனகிரியில் பாலத்தைத் தாண்டிச் சிதம்பரம் போய்த் திரும்பி வருகிற வழி அது. சுற்று என்றாலும் நம்பகமான சுற்று. அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. எனக்கோ ஆறு கண்ணுக்குள் நின்றது.

"போடா. ஆத்து வழியா ஒண்ணரை மணி நேரத்துல கொண்டுபோய் எறக்குறேன். ஏத்தம் எப்பன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவன் என்னை நம்பினான். ஸ்பெஷல் பர்மிட்டில் கையெழுத்து வாங்கும்போது எந்த வழியாகப் போகிறேன் என்று முதலாளியிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏற்றம் என்பது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருகிற நேரம். எங்கள் துறை கழிமுகத்துக்குப் பக்கம். ஏற்றத்தில் ஆறு நிறைந்து நிற்கும், வற்றத்தில் நடுவே மணல் திட்டு முதுகு காட்டும். பாரம் ஏற்றிய ஓடம் ஏற்றத்தில்தான் திட்டைத் தாண்டும். அதற்கு மீன்பிடிக்கிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அமாவாசையும் பௌர்ணமியும் காலை எட்டரைக்கு ஏற்றம் நிறையும். அதன்பின் ஒவ்வொரு நாளும் இரண்டு நாழிகை தள்ளும். நாழிகைக்கு இருபத்து நாலு நிமிஷம். துறையில் காத்துக் கிடந்த ஏழு வருஷத்தில் இந்தக் கணக்கு எனக்கும் பாடமாகிவிட்டது.

கல்யாணக் கார்டில் ஞாயிற்றுக்கிழமை, பிறை பதினாறு என்று அச்சடித்திருந்தார்கள். பிறை பதினைந்து என்றால் பௌர்ணமி, பதினாறு என்றால் அதற்கு மறுநாள் என்று போட்டேன். எட்டரையோடு இரண்டு நாழிகை, ஒன்பதேகாலுக்கு ஆறு தளும்பும். காலண்டரைத் திருப்பியிருந்தால் திதி போட்டிருக்கும். ஓடக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விரலை மடக்கிச் சொல்லியிருப்பார். வானத்தில் நிலவு என்று ஒன்று இருக்கிறது, அதையாவது பார்த்திருக்கலாம். நான் மூன்று நாளாக வண்டிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முதுநகரில் கிளம்பினோம். நாற்பது பேருக்குக் குறையாது. மாப்ளே வெள்ளைச் சட்டை, சரிகைத் தொப்பி, கழுத்து நிறைய மல்லிகையோடு என் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கூரை மேல் சீர்ப் பெட்டிகள், மூட்டைகள், இரண்டு பெரிய தேக்சா நிறைய அல்வா. நான் ஹாரன் அடித்த அடியில் துறைமுகத்துக் கொக்கெல்லாம் எழும்பின.

எட்டே முக்காலுக்குத் துறையில் இறங்கி ஆற்றைப் பார்த்தேன். நடு ஆற்றில் மணல் திட்டு தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பழுப்பாகத் தெரிந்தது.

ஓடக்காரர் வேப்பமரத்தடியில் நின்று என்னையும் பஸ்ஸையும் மல்லிகைப்பூவையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு நானே போய், "அண்ணே" என்றேன். அந்த ஒரு வார்த்தை தொண்டையை விட்டு வரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எந்தக் கணக்குல வந்தே?" என்று கேட்டார்.

"பிறை பதினாறு..."

அவர் விரலை மடக்கி எண்ணினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது அவுங்க பிறைப்பா. அமாவாசை முடிஞ்சு, பிறைய கண்ணால பாத்த பொறவுதான் அவுங்க ஒண்ணுன்னு எண்ணுவாங்க. இந்த மாசம் மேகம் வேற. ஒரு நாள் தள்ளித்தான் பாத்தாங்க. ரெண்டு நாள் போச்சா? ரெண்டு நாளுக்கு நாலு நாழிகை. கடலு அமாவாசையத்தான் எண்ணுது, கல்யாணக் கார்டப் பாத்து ஏறாது. ஏத்தம் நெறைய பதினோரு மணி ஆவும்."

மாப்ளே இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பிச் சுற்றிப் போனால் பதினொன்றரை ஆகிவிடும். சின்னப் படகில் அக்கரை போய் நடந்தால் மணல் ரோட்டில் ஆறு மைல், இரண்டு மணி நேரம். வாடகை சைக்கிள்கூடக் கிடைக்காத கரை அது. எப்படிப் போனாலும் பத்தரை தாண்டிவிடும். ஐந்து வருஷம் காத்திருந்த ஒரு மனிதரின் ஒரே ஒரு காலையை என் வீம்பால் கெடுத்துவிட்டேன்.

"அண்ணே, உங்க காலுல வேணா விழறேன். பொண்ணோட அப்பா பத்தரைக்குக் கிளம்பிடுவாரு. இப்பவே தாண்ட ஒரு வழி சொல்லுங்க" என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்றைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். கோலை எடுத்துக்கொண்டு சின்னப் படகில் திட்டு வரை போய் ஊன்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓடம் பாரத்தோட போனா ரெண்டு சாண் தண்ணி கொறையுது. வண்டிய ஏத்தி முடிக்கறதுக்குள்ள ஒரு சாண் ஆறே குடுத்துடும். இன்னொரு சாண் நீங்க குடுக்கணும். வண்டியில என்னென்ன கழட்ட முடியுமோ அத்தனையும் கழட்டு."

கழற்றுவது என்ற சொல் மாப்ளேயின் காதில் விழுந்ததுதான் தாமதம். மாலையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் டூல் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்தான். கல்யாண மாப்பிள்ளை பஸ்ஸுக்குள் குப்புறப் படுத்து சீட்டுக்கு அடியில் போல்ட்டு கழற்றுகிற காட்சியை அந்தத் துறை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சீட்டுக்கு நாலு போல்ட்டு. அவன் கழற்றக் கழற்ற, அத்தர் பூசிய பெரியவர்கள் ஒவ்வொரு சீட்டாகத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கூரைச் சாமான் இறங்கியது. ஸ்டெப்னி இறங்கியது. அல்வா தேக்சாவைப் பெண்கள் யார் கையிலும் கொடுக்காமல் தாங்களே சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு முதலில் அக்கரை போனார்கள். குப்பத்திலிருந்து ஓடக்காரரின் ஆட்கள் படகு படகாக வந்து மீதிச் சாமானைக் கடத்தினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அரை மணியில் வண்டி வெறும் கூடாகிவிட்டது. இரண்டு பலகை வழியாக அதை ஓடத்தில் ஏற்றினேன். முன் சக்கரம் ஏறியபோது ஓடம் தாழ்ந்தது, பின் சக்கரம் ஏறியபோது முனகியது. ஓடக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "பிரேக்க மிதிச்சிக்கிட்டு உக்காரு. என்ன ஆட்டம் ஆடினாலும் கால எடுக்காத. வாயையும் தொறக்காத" என்றார். அப்படியே செய்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் அவ்வளவு அடங்கி நான் உட்கார்ந்ததில்லை.

கோல் ஊன்றித் தள்ள, ஓடம் நகர்ந்தது. நடு ஆற்றில் திட்டு தட்டியது. அடியில் மணல் அரைபடுகிற ஓசை ஸ்டீயரிங் வழியாக என் கைக்கு வந்தது. ஓடம் நின்றுவிட்டது. பின்னால் சின்னப் படகுகளில் வந்த கல்யாண வீட்டு ஆண்கள் ஒருவர் விடாமல் தண்ணீரில் குதித்தார்கள். தொடையளவுத் தண்ணீர். மாப்ளே முதல் ஆளாக ஓடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், தலையில் சரிகைத் தொப்பியோடு.

"தூக்காதீங்க!" என்று கத்தினார் ஓடக்காரர். "தூக்கினா வராது. ஆட்டுங்க. இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ. மணலு எளகி வழி விடும்."

கழிமுகத்தில் தட்டிப்போன படகைக் குப்பத்து ஆட்கள் அப்படித்தான் எடுப்பார்களாம். ஆனால் அந்தப் படகுகளின் மேல் பஸ் இருந்ததில்லை. இந்தப் பக்கம் இருபது பேர் அமுக்கினார்கள், அந்தப் பக்கம் இருபது பேர் அமுக்கினார்கள். பஸ் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. ஜன்னல் வழியாக ஒரு தடவை வானம் தெரிந்தது, ஒரு தடவை தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிரேக்கை மிதித்த கால் மரத்துப்போயிற்று. குப்பத்து ஆட்கள் ஐலசா என்றார்கள், கல்யாண வீட்டார் யா அல்லா என்றார்கள், ஆட்டம் மட்டும் ஒன்றாக விழுந்தது. ஏழாவது ஆட்டமோ எட்டாவதோ, அடியிலிருந்த அரைபடல் சட்டென்று நின்றது. ஓடம் வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

ஆற்றில் நின்ற நாற்பது பேரும் போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும். நான் ஹாரனை அழுத்தியவன் அக்கரை தட்டும்வரை கையை எடுக்கவில்லை.

முதல் கியரில் கரையேறி, வெள்ளாற்றுக்குத் தெற்கே முதன்முதலாக என் பஸ்ஸை நிறுத்தினேன். சீட்டுகளை உள்ளே அடுக்கினார்கள். போல்ட்டு போட நேரமில்லை, அதுபாட்டுக்கு ஆடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஓடக்காரர் கரையில் நின்று கேட்பவர்களிடமெல்லாம், "பஸ்ஸு ஏறும்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது அவ்வளவு மட்டும் இல்லை. நானும் பாக்கியை ஞாபகப்படுத்தவில்லை. மணி பத்து.

ஆறு மைலையும் இருபது நிமிஷத்தில் ஓட்டினேன். தெருவில் திரும்பும்போதே தெரிந்தது, வாசலில் மாடு பூட்டி வண்டி தயாராக நிற்கிறது. வண்டிக்குள் தகரப் பெட்டி. பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு மெலிந்த மனிதர், கையில் குடையோடு. பஸ்ஸைப் பார்த்ததும் அவர் ஓடி வரவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார்.

நான் குதித்து இறங்கி அவரிடம் போனேன். "ஐயா, மாட்ட அவுக்கச் சொல்லுங்க. ஸ்டேஷனுக்கு அர மணி நேரத்துல நான் கொண்டுபோறேன். உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கு" என்றேன். ஆற்றைத் தாண்டி வந்தது மாப்ளே மட்டும் இல்லை, பஸ்ஸும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஒரு மணி நேரமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நிக்காஹ் நடந்தது. மாப்ளேயின் கைலி முழங்காலுக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் அஜரத் ஓத, பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு மகளைக் கொடுத்தேன் என்று சொன்னார். அந்தக் கையெல்லாம் கிரீஸ். அவர் அதைப் பார்த்தார், இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்ளே சொன்ன குரல் வாசல்வரை கேட்டது. பிறகு சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அவர் மாப்பிள்ளையை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டார். உள்ளே போய் மகளோடு தனியாகவும் கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தார்.

பதினொன்று இருபதுக்கு அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும், பின்னால் போல்ட்டு இல்லாத சீட்டுகள் தாளம் போட்டுக்கொண்டு வந்தன. சிதம்பரத்தில் கோபுரம் கண்ணில் பட்டபோது முதுநகரிலிருந்து இருபத்தேழு மைலையும் ஓட்டி முடித்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி ஒரு வாரம் பேச வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். அந்த நேரத்தில் ஸ்டேஷன் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

ரயில் வர ஐந்து நிமிஷம் இருந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். கணக்குத் தப்பியது என்னால்தான், மன்னிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எம் மவ பொறந்தப்ப நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன் தம்பி. அவ நடந்தது, பேசினது, குர்ஆன் ஓதி முடிச்சது, எல்லாமே லெட்டர்லதான் படிச்சேன். படிச்சுட்டு மறுபடி கடையில துணி அளந்து கிழிப்பேன்."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்:

"இந்தக் கல்யாணத்த யாரும் எனக்கு எழுத வேணாம் தம்பி. கேக்குறவங்களுக்கு நான் சொல்லுவேன்!"